கிலுகிலுப்பை

போன மாதம் என் பழைய பெட்ரோல் கார் நின்ற இடத்தில் காசளவு ஆயில் கறை. ஏர் ஃபில்டரும் எண்ணெய்ப் பலகாரம் மடித்த காகிதம் மாதிரி இருந்தது. "சீல் போயிடுச்சு சார், இன்ஜினை இறக்கணும்" என்றார் மெக்கானிக். தொகையைக் கேட்டதும் எனக்குத்தான் வியர்த்தது.

எதிர்வீட்டுப் பெரியவர் முப்பது வருடம் ஒர்க்‌ஷாப் நடத்தியவர். "பிசிவி வால்வைக் கழற்றிப் பாத்தாரா?" என்று கேட்டார். பார்க்கவில்லை.

சிலிண்டரில் எரியும் வாயு முழுக்க சைலன்ஸருக்குப் போய்விடுவதில்லை. கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, கீழே கிராங்க்கேஸுக்குள் நழுவிவிடும். முன்பெல்லாம் ஒரு குழாய் அதை அப்படியே ரோட்டில் ஊதித் தள்ளியது. புகைமூட்டத்தில் திணறிய கலிஃபோர்னியாவுக்காக 1961 மாடல் கார்களில் அமெரிக்கக் கம்பெனிகள் இந்த வால்வைப் பொருத்தின. அது வாயுவை மறுபடி இன்ஜினுக்கே எரிக்க அனுப்புகிறது. அடைத்துக்கொண்டால்? உள்ளே முட்டும் வாயு ஏர் ஃபில்டர் பக்கம் திரும்பும், சீல் வழியே ஆயிலைப் பிதுக்கும்.

ஞாயிறு காலை, இன்ஜின் ஆறியிருந்தபோது கை வைத்தேன். டேப்பெட் கவர் மேல் ரப்பருக்குள் வால்வு சொருகியிருந்தது, கட்டைவிரல் பருமனில். காதருகே ஆட்டினேன். நல்ல வால்வு கிலுகிலுப்பை மாதிரி கடகடக்குமாம், இது ஊமை.

"கடகடத்தாலும் நம்பிடாதீங்க. உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் சத்தம் வரும்" என்றார் பெரியவர். அதற்குத்தான் விரல் சோதனை. வால்வை ஹோஸில் மாட்டியபடியே வெளியே வைத்து, இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, அதன் வாயை விரலால் மூடினால் வெடுக்கென்று உறிஞ்ச வேண்டும். (வேட்டியோடு குனியாதீர்கள். ஃபேன் பெல்ட்டுக்கு வேட்டி, துப்பட்டா வித்தியாசம் தெரியாது.) எனக்கு ஒன்றுமே இழுக்கவில்லை. வால்வை உருவிவிட்டு வெறும் ஹோஸை மூடினேன், பிடித்து இழுத்தது. ஹோஸில் குற்றமில்லை.

புது வால்வின் விலை, ஹோட்டலில் குடும்பத்தோடு ஒருவேளை சாப்பிடும் பில்லுக்குள் அடங்கிவிட்டது. மாற்றிய பிறகும் ஆயில் மூடியைத் திறக்கும்போது குபுகுபுவென்று புகை வந்தால், ரிங் தேய்ந்திருக்கிறது, மெக்கானிக்கிடம் போயே ஆக வேண்டும் என்றார் பெரியவர். சில புதுக் கார்களில் இந்த வால்வு கவருக்குள்ளேயே அமைந்திருக்கும். அதை நெம்ப வேண்டாம்.

காருக்கடியில் அட்டை விரித்து இரண்டு வாரம் ஆகிறது. காய்ந்தே கிடக்கிறது.