படைத்தலைவரின் சரிதமும் நம் பிள்ளைகளும்

திம்புள்ளைப் பகுதியில் நாம் கற்பிக்கும் வகுப்பில், ‘நான் போற்றும் மனிதர்’ என்று தலைப்புக் கொடுத்தோம். லயத்துப் பிள்ளையொருவன் சரத் பொன்சேகாவின் வாழ்க்கையை எழுதி வந்தான். 1950இல் அம்பலாங்கொடையிற் பிறந்தார். 1970இல் படையிற் சேர்ந்தார். 2005 டிசம்பரில் இராணுவத் தளபதியானார். 2006 ஏப்ரலில் தற்கொலைக் குண்டுக்குத் தப்பினார். 2009 மே மாதத்தில் போரை வென்றார். ஒன்றும் பொய்யில்லை. பிள்ளையையும் நாம் குறை கூறவில்லை. இப்படிப்பட்ட சரிதங்களை அவன் கையிற் கொடுத்தோரைப் பற்றியே பேசுகிறோம்.

தளபதி தனியாகவா போரிட்டார்? வறண்ட கிராமங்களிலிருந்து சம்பளத்துக்காகப் படைக்கு வந்த ஏழைச் சிங்கள இளைஞர்களின் பெயர் எந்தச் சரிதத்தில் உண்டு? மறுபுறத்தில் வன்னி மக்கள். அவர்களை அயலார் என்று எண்ணுகிறோமா? 1977இலும் 1981இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சித் தோட்டங்களை விட்டோடி, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறியவர்கள் நம்மவர்கள் அல்லரா? 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. அதே மக்களின் பேரப்பிள்ளைகள் 2009இல் எறிகணை மழையிற் பதுங்குகுழி தோண்டினர்.

இத்தளபதி, 2008 செப்டெம்பரில் கனடியப் பத்திரிகையொன்றுக்கு அளித்த செவ்வியில், இந்நாடு சிங்களவருக்கே உரியதென்று தாம் உறுதியாக நம்புவதாகக் கூறினார். சிறுபான்மையினர் கூட வாழலாமாம். ஆனால் தகாதவற்றைக் கேட்கலாகாதாம்! தகாதது எது? நாட்சம்பளமா? காணித்துண்டா? பெரட்டுக் களத்தில் துரைமார் நமக்குப் படித்த பாடமும் இதுதானே!

“ஆயினும் 2010 ஜனவரித் தேர்தலில் நுவரெலியா மாவட்டம் அவரையன்றோ முந்த வைத்தது?” என்று கேட்பார்கள். ஆம், வைத்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ராஜபக்ஷ பக்கம் நின்றும் மக்கள் அதன் சொல்லைக் கேட்கவில்லை. போரை நடத்திய அரசின் தலைவர் ஒருபுறம், களத்தில் அதை நடத்திய தளபதி மறுபுறம். வாக்குச்சீட்டில் வெல்லக்கூடிய வேறு பெயர் எங்கே இருந்தது? ஆட்சியின் மீதிருந்த வெறுப்பை வீரவழிபாடு என்று திரித்துக் கூறுவது தொழிலாளரின் அறிவை இகழ்வதாகும்.

தேர்தல் முடிந்து இரு வாரம் ஆகுமுன், பெப்ரவரி 8ஆம் திகதி, அவர் கைதானார். இராணுவ நீதிமன்றம் பதவியையும் பட்டத்தையும் பறித்தது. அச்சிறைவாசத்தை நாம் கொண்டாடவில்லை. அது நீதியின் பாற்பட்டதன்று, பதவிப் போட்டியின் பாற்பட்டது. 2015இல் வேறோர் ஆட்சி மன்னிப்பளித்து ‘பீல்ட் மார்ஷல்’ ஆக்கியது. சிறையிலிட்டோரும் சரி, மகுடம் சூட்டியோரும் சரி, வன்னியில் மாண்டவரைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வியேனும் கேட்டனரா?

கட்டுரையைத் திருப்பிக் கொடுக்கையில், வீட்டில் இதை யாரிடமாவது காட்டினாயா என்று வினவினோம். அம்மாவிடம் காட்டினானாம். அம்மா ஒன்றும் பேசவில்லையாம். அவளுடைய தமக்கை குடும்பம் கிளிநொச்சியில் இருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.