நாளை முதல் ஆபீசுக்கு வரவும்!

சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். விளக்கேற்றிவிட்டு வாசல் கதவைத் திறந்தால், எதிர் பிளாட்டுப் பெண் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் போன். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னம்மா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"அதெல்லாம் இல்லை, மாமி. ஆபீசிலிருந்து மெயில் வந்திருக்கிறது. திங்கட்கிழமை முதல் வாரத்தில் ஐந்து நாளும் நேரில் வரவேண்டுமாம்."

சகோதரிகளே, நான் சிரித்துவிட்டேன். எங்கள் காலத்தில், 'நாளை முதல் ஆபீசுக்கு வரவேண்டாம்' என்று கடுதாசி வந்தால்தான் படியில் உட்கார்ந்து அழுவார்கள். வரச் சொன்னதற்கு அழுகிறாளே இந்தப் பெண்! ஆனால் அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்புறம் அவள் சொன்னதையெல்லாம் கேட்டபோது, எனக்கே கொஞ்சம் வெட்கமாய்ப் போய்விட்டது.

நாங்கள் இருப்பது நங்கநல்லூரில். அவள் ஆபீஸ் இருப்பது சிறுசேரியில். ராஜீவ் காந்தி சாலையில் மெட்ரோ ரயில் வேலைக்குத் தடுப்பு வைத்த நாளிலிருந்து அந்தச் சாலையில் போய் வந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் பிடித்தால், போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. மழை பெய்தால் கணக்கே கிடையாது. சரி, அத்தனை தூரம் போய் அங்கே என்ன செய்கிறாள்? அவளோடு வேலை செய்கிறவர்களில் இரண்டு பேர் பூனாவில், மூன்று பேர் ஹைதராபாத்தில். வேலை கொடுக்கிற துரைமார் அமெரிக்காவில். சென்னையில் அவள் ஒருத்திதான்.

"மூன்று மணி நேரம் பஸ்ஸில் இடிபட்டு, அங்கே போய்க் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வீட்டில் எந்தத் திரையைப் பார்த்து யாரோடு பேசினேனோ, அதே திரையைப் பார்த்து அவர்களோடேயே பேச வேண்டும். இதற்கு எதற்கு மாமி சிறுசேரி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 2020-ஆம் வருஷம் மார்ச் 24-ஆம் தேதி ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள் அல்லவா? அதுவரை, "வீட்டிலிருந்து வேலையா? வாடிக்கைக்காரரின் ரகசியம் வெளியே போய்விடுமே!" என்று சொல்லிக் கொண்டிருந்த கம்பெனிகள், கம்ப்யூட்டர்களை ஆட்டோவிலும் வேனிலும் ஏற்றி வீடு வீடாக அனுப்பின. ஊஞ்சல் பலகையிலும் இஸ்திரி மேஜையிலும் உட்கார்ந்து நம் பெண்கள் வேலை செய்தார்கள். வேலையும் நடந்தது. அடுத்த மாதமே, நாட்டின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியான டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் ஒரு திட்டத்தை அறிவித்தது: 2025-க்குள் தன் சிப்பந்திகளில் எந்த நேரத்திலும் 25 சதவிகிதம் பேர் மட்டும் ஆபீசில் இருந்தால் போதும்!

பெரியவர்கள் வாக்கை நம்பிச் சின்னவர்கள் குடும்பத்தை அமைத்துக் கொண்டார்கள். இந்தக் கம்பெனியில் மட்டுமல்ல, எல்லாக் கம்பெனிகளிலும்தான். பட்டணத்து வாடகையைக் கொட்டி அழுவானேன் என்று கும்பகோணத்துக்கும் திருநெல்வேலிக்கும் போய் அப்பா அம்மாவோடு இருந்தவர்கள் எத்தனை பேர்! குழந்தைகளை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். 2023 அக்டோபரில் அதே டாட்டா கம்பெனி, வாரத்தில் ஐந்து நாளும் வந்தாக வேண்டும் என்றது. 2024-ல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கும் கூடுதல் ஊதியத்தை வருகையோடு முடிச்சுப் போட்டது. 85 சதவிகித நாட்களுக்குமேல் வந்தால் முழுத் தொகை. 60-க்குக் கீழே போனால் ஒன்றும் கிடையாது. (என் எதிர் பிளாட்டுப் பெண் வேலை பார்ப்பது வேறு கம்பெனியில். அதன் பெயர் நமக்கு எதற்கு?)

முதலாளிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2020-லும் 2021-லும் வேலைக்குச் சேர்ந்த சின்னப் பிள்ளைகள் வருஷக்கணக்காக ஆபீஸ் வாசலையே மிதிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வித்தையை எந்தத் திரையும் சொல்லிக் கொடுக்காது. ஒரு சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஒளித்து ஒளித்து இன்னொரு கம்பெனிக்கும் வேலை செய்த சூரர்களும் உண்டு. 2022-ல் விப்ரோ கம்பெனி அப்படி 300 பேரைப் பிடித்து வெளியே அனுப்பியது. சரிதான். ஆனால் அதற்கு மருந்து, நுழைவாயிலில் கார்டைத் தேய்த்துத் தலை எண்ணுவதா? தலையை எண்ணத் தொடங்கினதும் என்ன ஆயிற்று தெரியுமா? கார்டைத் தேய்த்துவிட்டு ஒரு காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிற வழக்கம் வந்துவிட்டது. அதற்கு 'காபி பாட்ஜிங்' என்று பேர்கூட வைத்துவிட்டார்கள்! ஒரு டம்ளர் காபிக்காக யாராவது சிறுசேரி வரை போவார்களா?

வீட்டில் இருந்தால் வேலை கெடுமா, கெடாதா என்று ஊகித்துக் கொண்டிருக்க வேண்டாம், செய்தே பார்த்திருக்கிறார்கள். சீனாவில் ரயில், விமான டிக்கெட்டும் ஓட்டல் அறையும் ஏற்பாடு செய்து கொடுக்கும் டிரிப்.காம் என்ற பெரிய கம்பெனியில், 2021, 2022-ஆம் வருஷங்களில் 1,612 பேரை வைத்து ஒரு பரீட்சை. ஒற்றைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். இரட்டைப்படைக்காரர்கள் ஐந்து நாளும் ஆபீஸ். (நம் ஊராக இருந்தால் ஜோசியரிடம் கூட்டம் தாங்காது!) வேலை 2.6 சதவிகிதம் குறையும் என்று தொடக்கத்தில் மேலதிகாரிகள் சராசரியாக மதிப்புப் போட்டார்கள். குறையவில்லை. பதவி உயர்விலும் வித்தியாசம் இல்லை. ராஜினாமா மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. யாரிடத்தில் அதிகம் குறைந்தது? பெண்களிடத்தில், தூரத்திலிருந்து வருகிறவர்களிடத்தில், அதிகாரிப் பதவியில் இல்லாதவர்களிடத்தில். எதிர் பிளாட்டுப் பெண்ணைப் படம் பிடித்து எழுதினாற்போல் இல்லை? ஸ்டான்போர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் நிக்கலஸ் புளூமும் அவரோடு சேர்ந்தவர்களும் இதை 2024-ல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டார்கள்.

இவ்வளவு சொன்னதும், 'வீட்டில் இருப்பதுதான் பெண்களுக்குச் சுகம் என்று இந்த அம்மாள் கட்சி கட்டுகிறாள்' என்று நினைத்து விடாதீர்கள். இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

என் தங்கை மகளுக்கும் இதே மாதிரி உத்தரவு வந்தது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? வேண்டாத தெய்வத்துக்கெல்லாம் தேங்காய் உடைத்தாள்! "பெரியம்மா, இனிமேல் மத்தியானச் சாப்பாட்டை முழுசாய் உட்கார்ந்து சாப்பிடுவேன்" என்றாள். வீட்டில் இருந்த மூன்று வருஷத்தில், மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே தோசைக்கல்லைப் போட்டவள் அவள். மாமனாருக்குப் பதினொரு மணிக்கு மோர், நாத்தனார் வந்தால் பஜ்ஜி, கூரியர்க்காரன் வந்தால் கையெழுத்து. எதற்கும் ஒரே வார்த்தை: "நீ வீட்டில்தானே இருக்கிறாய்?" புருஷனும் அதே வீட்டில், அதே மாதிரி லாப்டாப்போடுதான் இருந்தான். ஆனால் அவன் அறையின் கதவு சாத்தியிருக்கும். "உஸ், அவன் வேலை செய்கிறான்!" என்று குழந்தையை அடக்குவார்கள். அவள் மேஜையோ சாப்பாட்டு அறையில்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ல் எடுத்த கணக்கைக் கேளுங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் பங்கு கொள்ளும் பெண் ஒரு நாளைக்குச் செலவிடுவது 289 நிமிஷம். ஆண் 88 நிமிஷம். அதாவது நமக்கு ஏறக்குறைய ஐந்து மணி, அவர்களுக்கு ஒன்றரை மணி. அந்த ஒன்றரை மணியிலும், காப்பிப் பொடி டப்பா எங்கே என்று நம்மைக் கேட்கும் நேரம் சேர்ந்திருக்கிறதா என்பதைப் புள்ளிவிவரக்காரர்கள் சொல்லவில்லை.

டாட்டா கம்பெனி 2023-ல் வெளியிட்ட ஆண்டறிக்கையில் இதைப் பற்றி ஒரு செய்தி இருந்தது. அங்கே வேலையை விட்டுப் போவதில் பெண்கள் வழக்கமாக ஆண்களுக்குச் சமமாகவோ குறைவாகவோதான் இருப்பார்கள். அந்த வருஷம் தலைகீழ்: பெண்கள் அதிகமாகப் போனார்கள். அப்போது மனிதவளப் பிரிவின் தலைவராக இருந்த மிலிந்த் லக்கட், வீட்டிலிருந்து வேலை செய்த காலத்தில் சில பெண்களின் குடும்ப ஏற்பாடுகள் மாறிப்போய், அவர்கள் திரும்பி வர முடியாமல் போயிருக்கலாம் என்று அபிப்பிராயப்பட்டார். குடும்ப ஏற்பாடு! எவ்வளவு மரியாதையான வார்த்தை! சமையற்காரியை நிறுத்தினோம், குழந்தைகள் காப்பகத்திலிருந்து பிள்ளையை எடுத்துவிட்டோம், மாமியாருக்குத் துணை வேண்டாம் என்றோம். எல்லாவற்றுக்கும் ஒருத்தி இருக்கிறாளே! இப்போது அவளைக் கூப்பிட்டால், அந்த இடத்துக்கு யார் வருவார்கள்? இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் கம்பெனி அது.

எதிர் பிளாட்டிலும் அதே கதைதான். உத்தரவு வந்த மறுநாளே மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "பேசாமல் வேலையை விட்டுவிடட்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா?" வீட்டுக் கடனுக்கு மாதாமாதம் தவணை போவது இவள் சம்பளத்தில். அது அந்த அம்மாளுக்கும் தெரியும். வேடிக்கை என்னவென்றால், எங்கள் இரண்டு வீட்டுக்கும் பாத்திரம் தேய்க்க வருகிறவள் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "அந்தம்மா வேலைக்குப் போகுதா? இத்தினி நாளா சும்மா வீட்டுல இருக்குதுன்னுல்ல நினைச்சேன்!" என்றாள். ஊரடங்கு நாளிலும் கும்பிட்டு விழுந்து சம்பளம் கேட்க வேண்டியிருந்தவள் அவள். அவளுக்கு எந்தக் கம்பெனி திட்டம் அறிவித்தது?

அன்றைக்குப் படியிலேயே அந்தப் பெண்ணிடம் ஒன்று சொன்னேன். கோபத்தில் ராஜினாமாவை எழுதாதே. உனக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் எழுது. கேட்டால் கிடைத்துவிடுமா என்றால், சட்டம் அவ்வளவு தாராளமாக இல்லை. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினபோது, விடுமுறையை 26 வாரமாக்கினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றார்கள். விடுமுறை முடிந்தபின், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் பேசி வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கலாம் என்றும் ஒரு விதி சேர்த்தார்கள். 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இடம் பெற்றது. 'அனுமதிக்கலாம்' என்பதில் அந்த 'லாம்' இருக்கிறதே, அங்கேதான் பிடியெல்லாம் முதலாளி கையில் போய்விடுகிறது. ஆனாலும், காப்பகம் எங்கே என்று கேட்பதற்கு 'லாம்' எதுவும் தடையில்லை. உங்கள் வீட்டில் கைக்குழந்தைக்காரி யாராவது இருந்தால் இதை வெட்டி எடுத்துக் கொடுங்கள்.

எதிர் பிளாட்டுக் குழந்தை எல்.கே.ஜி.க்குப் போகிறவன், அவளுக்கு அந்த விதி பயன்படாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, தன் மேலதிகாரிக்குக் கால் பக்கத்தில் ஒரு மெயில் எழுதினாள். அழுகை, ஆத்திரம் ஒன்றும் இல்லை. யார் யார் எந்த ஊரில் இருக்கிறார்கள், சென்ற வருஷம் தான் முடித்துக் கொடுத்த வேலை என்ன, வாரத்தில் எந்த இரண்டு நாள் வீட்டிலிருந்து செய்ய முடியும், அவ்வளவுதான். மூன்றாம் வாரம் பதில் வந்தது. ஐந்து நாளில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை மட்டும், ஆறு மாதத்துக்குச் சம்மதம். அப்புறம் பார்த்துக் கொள்ளலாமாம்.

"ஒரு நாள்தானா?" என்றேன்.

"மூன்று மணி நேரம் மிச்சம், மாமி" என்றாள்.

இதற்குள் அந்த வீட்டில் இன்னொரு மாறுதல். புருஷனுடைய கம்பெனி வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருக்க விட்டிருக்கிறது. ஆகவே பகலில் வீட்டில் இருப்பது இப்போது அவன். சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்து இரண்டு வரிகூட ஆகவில்லை, வாசல் மணி அடித்தது. அவன்தான். காதில் ஹெட்போன்; பின்னாலேயே காஸ் சிலிண்டர்க்காரன்.

"மாமி, கொஞ்சம் இந்தச் சிலிண்டரை வாங்கி வைக்கிறீர்களா? எனக்கு மீட்டிங். நீங்கள் வீட்டில்தானே இருக்கிறீர்கள்?"