கூடப் போவதா, ஊரில் இருப்பதா?

இராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் சாலையில் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று அடுத்தடுத்து வரும் ஊர்களில், வெளிநாட்டில் ஆள் இல்லாத தெருவைக் காண்பது கடினம். கடையநல்லூரில் இது பல தலைமுறைப் பழக்கம். கரும்பும் நெல்லும் பார்த்து வந்த வாசுதேவநல்லூர் வட்டாரக் குடும்பங்களிலும் இப்போது செவிலியர் படிப்பு முடித்த மகள், ஐ.டி.ஐ. முடித்த மகன், கணினி படித்த மருமகன் என்று யாராவது ஒருவர் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு சென்றிருப்போர் ஏறத்தாழ 22 லட்சம் பேர் என்று 2015இல் நடத்தப்பட்ட தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். அப்படியானால், அவர்களுடைய மனைவிமாரும் பிள்ளைகளும் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வி தானாகவே எழுகிறது.

வேலை உத்தரவு வந்தவுடன் நம் வீடுகளில் முதலில் பேசப்படுவது சம்பளம். அதை ரூபாயில் பெருக்கிப் பார்க்கிறோம். கடன் எத்தனை மாதத்தில் அடையும், தங்கையின் திருமணத்திற்கு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போடுகிறோம். குடும்பத்தைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது. "அங்கே போய் ஆறு மாதத்தில் கூப்பிட்டுக்கொள்கிறேன்" என்ற ஒரு வரியில் அது முடிந்தும் விடுகிறது. ஆனால் கூப்பிட்டுக்கொள்ள முடியுமா, முடியாதா என்பதைத் தீர்மானிப்பவர் அந்தக் கணவரும் அல்ல, மனைவியும் அல்ல. அது அந்நாட்டுச் சட்டத்தின் கையில் இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளில் அந்தச் சட்டங்கள் எவ்வளவு வேகமாக மாறியிருக்கின்றன என்பதை நம்மில் பலர் கவனிக்கவில்லை.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். கொரோனாவுக்குப் பிறகு அந்நாட்டு முதியோர் இல்லங்களுக்குப் பராமரிப்புப் பணியாளர்கள் ஏராளமாகத் தேவைப்பட்டார்கள். கேரளத்திலிருந்தும் நம் தென்மாவட்டங்களிலிருந்தும் பலர் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பமாகவே போனார்கள். 2024 மார்ச் 11 முதல் அந்த வழி அடைபட்டது. பராமரிப்புப் பணிக்குப் புதிதாக வருபவர் வாழ்க்கைத்துணையையும் பிள்ளைகளையும் அழைத்து வரக் கூடாது என்று விதி வந்தது. 2025 ஜூலை 22 முதல் அந்தப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. ஆனால் பதிவுபெற்ற செவிலியராகச் செல்பவருக்குக் குடும்பத்தை அழைத்துச் செல்லும் உரிமையை இந்த விதிகள் பறிக்கவில்லை.

இந்த வேறுபாடு மிக முக்கியமானது. ஏனென்றால் நம் ஊர்களில் வேலைக்கு ஆள் சேர்ப்பவர்கள் இரண்டையும் சேர்த்து "நர்ஸ் வேலை" என்றே சொல்லி வந்தார்கள். பி.எஸ்சி. நர்சிங் முடித்த பெண்ணும் அதை நம்பினார். ஆங்கிலத் தேர்வும் அங்குள்ள செவிலியர் பதிவும் முடித்துச் செல்பவர் செவிலியர். அவை இல்லாமல் முதியோர் இல்லத்தில் பணிக்குச் செல்பவர் பராமரிப்பாளர். விமானத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கலாம். ஆனால் பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை.

சவூதி அரேபியாவின் கதை வேறு. அங்கே குடும்பத்தை அழைத்து வரத் தடை இல்லை, விலை வைத்தார்கள். 2017 ஜூலையில் வெளிநாட்டுப் பணியாளரின் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டது. ஆண்டுக்கு 100 ரியாலாக உயர்ந்து 2020 ஜூலையில் அது 400 ரியாலை எட்டியது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200 ரியால், ஆண்டுக்கு 14,400 ரியால். நம் பணத்தில் மூன்று லட்சம் ரூபாயைத் தாண்டும். வாடகையும் பள்ளிக் கட்டணமும் இதில் சேரவில்லை. நடுத்தரச் சம்பளக்காரர்கள் பலர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அங்கே ஒன்றாக வாழ்ந்த குடும்பத்தை அந்த ஆண்டுகளில்தான் ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் திடீரென்று நம் பள்ளிகளில் வந்து சேர்ந்த பிள்ளைகள் தமிழ் எழுதத் திணறினார்கள் என்றால், அதன் காரணத்தை இங்கே தேட வேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2019இல் வந்த மாற்றம், குடும்பத்தை அழைக்கும் உரிமையைச் செய்யும் தொழிலோடு அல்லாமல் வருமானத்தோடு இணைத்தது. மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் என்பது அப்போது வைக்கப்பட்ட அளவு. படிக்கும்போது எளிதாகத் தெரிகிறது. அந்தச் சம்பளத்தில் துபாயில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எவ்வளவு மிஞ்சும் என்று அங்கே இருப்பவரிடம் கேட்டால் உண்மை தெரியும். சட்டம் அனுமதிப்பதும் சம்பளம் அனுமதிப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

சிங்கப்பூரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் அது நம் தென்காசி மண்ணோடு தொடர்புடைய கதை. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் நெசவுத் தொழில் நலிந்தபோது, கடையநல்லூர், தென்காசிப் பகுதி முஸ்லிம் குடும்பங்கள் பல சிங்கப்பூருக்குக் கப்பலேறின. தமிழ்நாட்டின் பிற ஊர்களிலிருந்து சென்ற ஆண்கள் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாகப் போய்வந்த காலம் அது. இவர்களோ மனைவி மக்களோடு போய் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியமர்ந்தார்கள். 1941இல் தங்களுக்கென்று கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கத்தை அமைத்தார்கள். போர் முடிந்து 1946இல் பிள்ளைகளுக்காக ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கி, சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். பின்னாளில் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த அது 1982இல் மூடப்பட்டது. ஆயினும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் என்று அந்தப் பெயர் இன்றும் அங்கே நிலைத்திருக்கிறது. மேக்ஸ்வெல் உணவங்காடிக்கு அருகில் இன்றும் கடையநல்லூர் தெரு என்றே ஒரு தெரு உண்டு.

கவனித்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. சங்கம், பள்ளி, தெருவுக்கு ஊர்ப் பெயர் என்று வேர்விட்டவர்கள் குடும்பமாகப் போனவர்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது கப்பல் கட்டணமும் அங்கே கை கொடுக்க ஓர் உறவும்தான். இன்று அதே சிங்கப்பூருக்குக் கட்டுமானத்திற்கோ கப்பல் பட்டறைக்கோ வொர்க் பெர்மிட்டில் செல்லும் நம் பையன் குடும்பத்தை அழைத்துச் செல்லவே முடியாது. உயர்நிலை வேலையில் இருப்பவருக்கும் மாதம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி நிலையான சம்பளம் இருந்தால்தான் குடும்பத்திற்கு அனுமதி. அப்படி அழைத்துச் செல்லப்படும் மனைவி, சார்ந்திருப்போர் அனுமதியைக் கொண்டே வேலை பார்க்கும் வசதி முன்பு இருந்தது. 2021 மே முதல் அதுவும் மாறிவிட்டது. அவர் தனக்கென்று தனியாக வேலை அனுமதி பெற்றாக வேண்டும். நிரந்தரவாசம் வாங்கிக்கொண்டால் மகனுக்கு இரண்டு ஆண்டு தேசிய சேவை என்ற கடமை காத்திருக்கிறது. அது தவறு என்று நாம் சொல்லவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்திடும்போது மூன்று வயதுக் குழந்தையாக இருப்பவன் பதினெட்டு வயதில் அதைச் சந்திப்பான் என்பதைப் பெற்றோர் அன்றே அறிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கூடப் போகும் துணையின் வேலையைப் பற்றித்தான் நம் குடும்பங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது என்பது நம் கருத்து. அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் இருப்பவரின் துணைக்கு ஹெச்-4 விசா கிடைக்கும். அந்த விசாவில் இருப்போரில் ஒரு பிரிவினருக்கு மட்டுமே 2015 மே மாதத்திலிருந்து வேலை செய்யும் உரிமை தரப்பட்டது. கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டினால்தான் மனைவி அதற்கு விண்ணப்பிக்கவே முடியும். அதுவரை முதுகலைப் பட்டமும் ஐந்தாண்டு அனுபவமும் உள்ள பெண் வீட்டில் இருக்க வேண்டியதுதான். மூன்றாண்டு, நான்காண்டு இடைவெளிக்குப் பிறகு மீண்டும் வேலை தேடும்போது, "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரில் ஆசிரியப் பணியில் இருப்பவர் என்றால் ஊதியமில்லா விடுப்பு எத்தனை ஆண்டு கிடைக்கும், பணிமூப்பும் ஓய்வூதியமும் என்னவாகும் என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே முடிவு செய்ய வேண்டும். கணவரின் சம்பளம் உயர்கிறது என்று மகிழும்போது, மனைவியின் சம்பளம் நின்றுபோவதை அதிலிருந்து கழித்துப் பார்க்கும் வீடுகள் எத்தனை?

இப்போது அதைத் திருப்பிப் பார்ப்போம். வேலை கிடைத்தது மனைவிக்கு. செவிலியராக இங்கிலாந்துக்கோ அயர்லாந்துக்கோ போகிறார். கணவருக்கு வாசுதேவநல்லூரில் ஒரு கடையோ, இரண்டு ஏக்கர் கரும்போ இருக்கிறது. கணவரின் வேலைக்காக மனைவி எல்லாவற்றையும் விட்டுப் போவது கடமை என்று சொல்லும் அதே உறவினர்கள், மனைவியின் வேலைக்காகக் கணவர் போவதை "பெண்டாட்டி சம்பளத்தில் உட்காரப் போகிறான்" என்று கிண்டல் செய்கிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே கணவர் ஊரில் தங்கிவிட, மனைவி ஒரு நாட்டிலும் பிள்ளை பாட்டி வீட்டிலுமாகப் பிரியும் நிலை வருகிறது. இங்கிலாந்தில் செவிலியரின் துணைவருக்கு ஏறத்தாழ எந்த வேலையும் செய்ய உரிமை உண்டு. கிடங்கிலோ கடையிலோ வேலை பார்ப்பார், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வார், இரவுப் பணி முடிந்து வரும் மனைவிக்குச் சோறு வைத்திருப்பார். இதில் குறைவு என்ன இருக்கிறது?

பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஒரு செய்தி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கி, பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்து இங்கே படித்திருப்பது அடிப்படை. ஏழாம் வகுப்பில் மகளை அழைத்துப் போய்ப் பத்தாம் வகுப்பில் திருப்பிக் கொண்டுவந்தால், இரண்டு பக்கமும் இழப்புதான். நம்மைக் கேட்டால், ஐந்தாம் வகுப்புக்குள் இருக்கும் பிள்ளையோடு போவது நல்லது. எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளையை அசைப்பதற்கு மிக வலுவான காரணம் வேண்டும். அந்தப் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

வயதான பெற்றோர் விஷயத்தில் சொல்வதற்கு அதிகம் இல்லை. பெரும்பாலான நாடுகளில் அவர்களை நிரந்தரமாக அழைத்துச் செல்வது நடுத்தர வருமானக்காரருக்கு எட்டாத காரியம். தென்காசி மருத்துவமனைக்கோ பாளையங்கோட்டைக்கோ அவர்களை யார் அழைத்துப் போவார் என்ற கேள்விக்கு, ஊரில் இருக்கும் உடன்பிறப்பின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். அந்த உடன்பிறப்பிடம், பெரும்பாலும் அவருடைய மனைவியிடம், கேட்டோமா?

எனவே கூடிப் பேசும்போது முதலில் விசாவின் பெயரைக் கேளுங்கள். சம்பளம் அடுத்தது. இந்த விசாவில் துணை வரலாமா, வந்தால் வேலை செய்யலாமா, வேலை போனால் குடும்பம் எத்தனை நாளில் வெளியேற வேண்டும் என்ற மூன்றுக்கும் அந்நாட்டு அரசின் இணையதளத்திலேயே விடை இருக்கும். வேலைக்கு அனுப்புபவர் பதிவுபெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். ஐந்து லட்சம், எட்டு லட்சம் கேட்பவரிடம் நிலத்தை அடகு வைத்துக் கொடுத்துவிட்டால், குடும்பத்தை அழைக்கும் எண்ணத்தையும் அதோடு சேர்த்தே அடகு வைத்தது போலத்தான். கடன் அடையும்வரை தனியாக இருக்கலாம் என்று தோன்றும். கடன் அடைவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும்.

ஒருவர் முன்னே போய், தகுதிகாண் காலம் முடிந்ததும் மற்றவர்கள் போவது நடைமுறைக்கு ஏற்றது. அதற்கு மாதமும் ஆண்டும் குறித்துக்கொள்வது அவசியம். "பிறகு" என்று விட்ட குடும்பங்களில் அந்தப் பிறகு வருவது அரிது. போகிற வீட்டார் ஊரிலுள்ள வீட்டை உடனே விற்றுவிட வேண்டாம். விதிகள் ஓராண்டில் மாறுவதைத்தான் மேலே பார்த்தோமே.

சிறியதாகத் தோன்றினாலும் பலரை அலைக்கழிக்கும் காரியம் இன்னொன்று இருக்கிறது. குடும்ப விசாவுக்குத் திருமணச் சான்றிதழ் வேண்டும். பங்கின் திருமணப் பதிவேட்டில் திருமுழுக்குப் பெயரும், பாஸ்போர்ட்டில் பள்ளிப் பெயரும், ஆதாரில் தந்தையின் பெயர் சேர்ந்த இன்னொரு வடிவமும் இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். அந்தோணியம்மாளும் மரிய அந்தோணியம்மாளும் ஒருவரே என்று நமக்குத் தெரியும், தூதரகத்துக்குத் தெரியாது. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். கோவிலில் நடந்ததே போதும் என்று இருந்துவிட்டவர்கள், வேலை உத்தரவு வருவதற்கு முன்பே சான்றிதழை எடுத்து, மூன்று ஆவணங்களிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. திருத்தம் செய்ய வேண்டியிருந்தால் அதற்கே சில மாதங்கள் ஆகும்.