கப்பலுக்கும் இனிஷியல் உண்டு

"ஐ.என்.எஸ். கட்டபொம்மன் எந்த மாதிரி கப்பல்?" போன வாரம் கேன்டீனில் ஒரு நண்பன் போட்ட கேள்வி. ஒருவன் நாசகாரி என்றான், இன்னொருவன் நீர்மூழ்கி என்றான். நானும் என் பங்குக்கு ஏதோ உளறினேன். விடை: அது கப்பலே இல்லை! திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில், கெட்டித் தரையில் இருக்கிற கடற்படை நிலையம். கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவதற்காக 1990-ல் தொடங்கப்பட்டது. அரக்கோணத்து ராஜாளியும் உச்சிப்புளி பருந்தும்கூட ஐ.என்.எஸ்.தான். இரண்டுமே விமானதளங்கள்.

இந்தியன் நேவல் ஷிப் என்று சொல்லிவிட்டுத் தரையைக் காட்டினால் எப்படி? இது பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன பழக்கம். அவர்கள் கடற்படையில் மாலுமி என்றால் ஏதாவது ஒரு கப்பலின் பேரேட்டில் அவன் பெயர் இருக்க வேண்டும். சம்பளம், தண்டனை எல்லாம் அதை வைத்துத்தான். அப்படியானால் கரையில் வேலை பார்ப்பவனை எதில் எழுதுவது? கரையையே கப்பலாக்கிவிட்டார்கள். (காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கணக்கு டேலி ஆக வேண்டுமென்றால் நாங்கள் என்ன வேண்டுமானாலும் செய்வோம்.)

முன்னால் நிற்கும் இந்த எழுத்துக்களை நாம் யாரும் படிப்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம். 'ஐ.என்.எஸ். விக்ராந்த் கப்பல்' என்று எழுதுகிறோம். அந்த 'எஸ்'ஸே கப்பல்தானே, நடு சென்டர் மாதிரி :-) அதுகூடப் போகட்டும். 1946 பிப்ரவரி 18-ல் பம்பாயில் கடற்படை எழுச்சி தொடங்கியது 'தல்வார் என்ற கப்பலில்' என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். தல்வாரும் கப்பல் இல்லை. கரையில் இருந்த சிக்னல் பயிற்சிப் பள்ளி.

அப்போது அதன் முழுப்பெயர் எச்.எம்.ஐ.எஸ். தல்வார். அதாவது 'மாட்சிமை தங்கிய மன்னரின் இந்தியக் கப்பல்'. மோசமான சாப்பாடு, அதிகாரிகளின் வசவு என்று தொடங்கிய வேலைநிறுத்தம் சீக்கிரமே கப்பல் கப்பலாகப் பரவி, பிரிட்டிஷ் கொடியை இறக்குவதில் போய் நின்றது. முதல் இரண்டு எழுத்தைப் படித்தால்தான் அந்தப் பையன்களின் கோபம் புரியும். ஆள் நம்மவன், கப்பல் லண்டனில் இருக்கிற ராஜாவுடையது.

என்னைக் கேட்டால் இது நம் ஊர் இனிஷியல் மாதிரிதான். யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லும். அமெரிக்கர்கள் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். 1907-ல் தியோடர் ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டு யு.எஸ்.எஸ். என்று நிலைப்படுத்தினார். 1914-ல் மெட்ராஸ் மேல் குண்டு போட்ட எம்டனின் இனிஷியல் எஸ்.எம்.எஸ். (செல்போன் சமாசாரம் இல்லை!) ஜெர்மானியச் சக்கரவர்த்தியின் கப்பல் என்று அர்த்தம். 2022-ல் எலிசபெத் ராணி மறைந்தபோது எச்.எம்.எஸ். கப்பல்கள் ஒரே நாளில் ராணியுடையதிலிருந்து ராஜாவுடையதாயின. ஆங்கிலத்தில் 'அவருடைய' என்பதற்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 'எச்' என்பதால் எழுத்து மாறவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு க்ரூஸர். எச்.எம்.எஸ். அக்கிலீஸாகப் பிறந்தது. 1939-ல் தென்னமெரிக்கக் கடலில் ஜெர்மானிய கிராஃப் ஸ்பீயோடு மோதியது. 1941-ல் நியூசிலாந்துக்காரர்கள் எச்.எம்.என்.இசட்.எஸ். என்றார்கள். 1948-ல் இந்தியா வாங்கியதும் எச்.எம்.ஐ.எஸ். டெல்லி. நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் கப்பல் மன்னருடையதாகவே இருந்தது! 1950 ஜனவரி 26, குடியரசு நாளில்தான் எச்.எம். போய் ஐ.என்.எஸ். டெல்லி ஆனது. அதே இரும்பு, அதே பீரங்கி. ஆனால் அதில் இருந்த மாலுமி அன்றைக்கு முதல் வேறு ஒருவரின் ஆள்.

1956-ல் வெளிவந்த படத்துக்காக அந்தச் சண்டையை எடுத்தபோது அக்கிலீஸாக நடிக்க வந்தது ஐ.என்.எஸ். டெல்லியேதான். பழைய இனிஷியலைக் கொஞ்ச நாள் இரவல் வாங்கிக்கொண்டது.