போர்டு போச்சா, சென்சார் போச்சா?

ஐப்பசி பிறந்துவிட்டால் தாம்பரம், பெருங்களத்தூர், முடிச்சூர் பக்கத்து வீடுகளில் பெரிய கவலை, துணி காயவைப்பதுதான். மொட்டை மாடிக் கொடி மழையில் நனையும். பால்கனியில் போட்ட ஸ்கூல் யூனிஃபார்ம் மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும். அதனால்தான் சூடான காற்றில் துணியை உலர்த்தும் டிரையர் இப்போது அபார்ட்மென்ட் வீடுகளுக்கும் வந்துவிட்டது. செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் பக்கத்தில் சுழலும் ‘டிரையர்’ வேறு. அது தண்ணீரைப் பிழிந்து தள்ளுவதோடு சரி. அதில் ஹீட்டர் கிடையாது.

அடைமழை வாரத்தில்தான் இந்த மெஷின் மக்கர் பண்ணும். இரண்டு மணி நேரம் ஓடியும் துணி ஈரமாக இருக்கும். இல்லையென்றால் தொட முடியாத சூடு, லேசாகத் தீய்ந்த வாசனை.

“போர்டு போயிடுச்சும்மா, மாத்திடலாமா?” என்பார் மெக்கானிக். பல ஆயிரம் ரூபாய் சமாசாரம். தலையாட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தம்பி, டெம்பரேச்சர் சென்சாரை அளந்து பார்த்தீங்களா?”

சென்சார் சொல்வதே வேதவாக்கு

காற்று போகும் பாதையில் விரல் நுனி அளவில் ஒரு சென்சார் இருக்கும். பெயர் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். அந்த அளவைப் பார்த்துத்தான் போர்டு ஹீட்டரை ஆன் செய்கிறது, ஆஃப் செய்கிறது.

சென்சார் ஷார்ட் ஆனால், ‘ஏற்கெனவே கொதிக்கிறது’ என்று போர்டு நினைத்து ஹீட்டரைப் போடாது. துணி காயாது. நாளாக ஆக மின்தடை கூடிப்போனால், ‘இன்னும் சூடாகவில்லை’ என்று நினைத்து ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும். துணி தீயும். ஒயர் அறுந்துபோனால் பல மெஷின்கள் எரர் கோடு காட்டி, சூட்டை நிறுத்திவிடும்.

முதலில் பஞ்சைப் பாருங்கள்

ஃபில்டரில் துணிப்பஞ்சு அடைத்தாலும் இதே தொல்லைகள் வரும். எனவே ஃபில்டர், வெளிக்காற்றுக் குழாய் இரண்டையும் முதலில் சுத்தம் செய்யுங்கள். இது தீ விபத்து சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரை ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டு டிரையர் தீ விபத்துகள் நடந்தன. அவற்றில் 34 சதவிகிதத்துக்குக் காரணம், சுத்தம் செய்யாமல் விட்டது.

துணி ஈரமாக இருக்கும்போதே ‘முடிந்தது’ என்று மெஷின் நின்றுவிடுகிறதா? பல மெஷின்களில் டிரம்முக்குள் ஈரத்தை உணரும் இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். அவற்றில் ஃபேப்ரிக் சாஃப்ட்னர் படிந்திருக்கலாம். வினிகர் தொட்ட துணியால் துடைத்தாலே சரியாகிவிடக்கூடும்.

தாம்பரத்து வெயிலும் ஒரு கணக்கு

அதற்கும் சரியாகாவிட்டால்தான் மல்டிமீட்டர். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்க வேண்டும். பிறகு சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, ஓம்ஸில் வைத்து அளக்க வேண்டும். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கையே கண் முன்னால் அளக்கச் சொல்லலாம்.

பல மெஷின்களில் இந்த சென்சார் 25 டிகிரியில் 10,000 ஓம்ஸ் காட்டும். சில மாடல்களில் அளவு வேறு. சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நம் ஊர் வீட்டுக்குள் 25 டிகிரி ஏது? 30 டிகிரியில் அதே சென்சார் சுமார் 8,000 காட்டும். சித்திரை வெயிலில், 35 டிகிரியில், 7,000க்கும் கீழே போகும். அது பழுதில்லை, நம் ஊர் சூடு.

சந்தேகம் தீர ஒரு டம்ளர் ஐஸ் போதும். கழற்றிய சென்சாரை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஐஸ் கலந்த தண்ணீரில் சில நிமிடம் வையுங்கள். அது 0 டிகிரி. மீட்டர் 30,000 ஓம்ஸ் பக்கம் ஏற வேண்டும். பிறகு கை பொறுக்காத வெந்நீரில், அதாவது 50 டிகிரி வாக்கில், 4,000 பக்கம் இறங்க வேண்டும். முள் ஏறுவது போல நிதானமாக மாறினால் சென்சார் நல்லது. மாறாமல் நின்றாலோ, தாறுமாறாகத் தாவினாலோ மாற்றியாக வேண்டும். போர்டு விலையோடு பார்த்தால் இது சின்னச் செலவுதான். ஆனால், அதே மாடலுக்கு உரியதாக வாங்குங்கள்.

சென்சார் நன்றாக இருந்தால், கனெக்டர் பின் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சுத்தமாக இருந்தால் அப்புறம் போர்டைச் சந்தேகப்படலாம்.

வாரன்ட்டி உள்ள மெஷினையும், ஹீட் பம்ப் வகையையும் நீங்களே பிரிக்க வேண்டாம். கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள்.

இதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்

அளவு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்க தெர்மல் ஃபியூஸ் இருக்கிறது. அது போயிருந்தால், “நேரா கனெக்‌ஷன் கொடுத்துடறேன்க்கா, ஓடும்” என்று யாராவது சொல்லலாம். ஓடும்தான். ஆனால், அடுத்த முறை சூடு எகிறினால் தடுக்க ஆளிருக்காது. ஃபியூஸ் ஏன் போனது என்று கண்டுபிடித்து, புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

யூனிஃபார்ம் ஒருநாள் தாமதமாகக் காய்ந்தால் பரவாயில்லை. ஓடுகிற டிரையரை நம்பித்தான் வீட்டில் எல்லோரும் தூங்கப் போகிறார்கள்.