பூஜ்யம் பில்லுக்குப் பெருமைப்படாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தவர்கள் நீங்கள். இதற்கு ஒரு பத்து நிமிடம் உட்காரலாம், தப்பில்லை.

சிங்கப்பூர், துபாய், டல்லாஸ் என்று எங்கெங்கோ இருந்துகொண்டு, தஞ்சாவூர்ப் பக்கத்து வீட்டுக்குக் கரண்ட் பில், கேஸ், வீட்டு வரி, போன் ரீசார்ஜ் எல்லாம் கட்டுகிற பிள்ளைகள் என் நட்பு வட்டத்தில் நிறையப் பேர். கட்டி முடித்ததும் பச்சை டிக் போட்ட படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்கள். சித்தப்பா ஒரு கைகூப்பு, அத்தை ஒரு ரோஜாப்பூ. "பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்று ஒரு வரி. அதோடு எல்லோருக்கும் திருப்தி.

எனக்குத் திருப்தி இல்லை. பில் கட்டுவதை நான் குறை சொல்லவில்லை. கட்டுகிற வேலையோடு சேர்த்து, அந்த வீட்டின் பொறுப்பையும் பெற்றவர்கள் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு. எடுத்துக்கொண்டு போனதற்குப் பெயர் பாசம் என்று வேறு சொல்லிக்கொள்கிறீர்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்கு என்றதும் ஓடாதீர்கள், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

போன மாதம் ஒரு பிள்ளை எழுதியிருந்தான்: "டீச்சர், எங்க வீட்டுக்கு எப்பவுமே கரண்ட் பில் பூஜ்யம்தான்!" ஏதோ பரிசு வாங்கியது போன்ற சந்தோஷம். தமிழ்நாட்டில் 2016 மே மாதத்திலிருந்து வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். நல்ல திட்டம், எத்தனையோ ஏழை வீடுகளுக்கு வெளிச்சம் கொடுத்த திட்டம். ஆனால் நம் பிள்ளை வீடு எப்படி அந்த நூறுக்குள் நிற்கிறது?

100 யூனிட்டை 60 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் யூனிட் கூட வராது. பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட். பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். பழைய ஃபிரிட்ஜ் நாள் முழுக்க ஓடினால் சுமார் ஒரு யூனிட். இந்த இரண்டுக்கே நூறு தாண்டிவிட்டது. லைட் போடவில்லை, டிவி போடவில்லை, மோட்டார் போட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏற்றவில்லை, மிக்ஸியில் சட்னி அரைக்கவில்லை. ஏசியைப் பற்றிப் பேச்சே இல்லை. அது ஒரு மணி நேரம் ஓடினாலே ஒரு யூனிட்டுக்கு மேல் இழுத்துவிடும்.

அப்படியானால் பூஜ்யம் பில்லுக்கு என்ன அர்த்தம்? ஃபிரிட்ஜை அணைத்து வைத்திருக்கிறார்கள். அக்னி நட்சத்திர வெயிலிலும் மின்விசிறியைக் கணக்குப் பார்த்துப் போடுகிறார்கள். ராத்திரி திண்ணையில் விசிறி மட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். உன் பெருமைக்கு உன் அப்பா அம்மாவின் வியர்வைதான் விலை, தம்பி.

நான் கற்பனையில் பேசவில்லை. ஒரத்தநாடு பக்கம் என்னிடம் படித்த ஒருவனின் வீட்டுக்குப் போயிருந்தேன். மகன் வாங்கி மாட்டிய ஏசி சுவரில் இருக்கிறது. ரிமோட் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. ஏன் என்று கேட்டேன். அந்த அம்மா சொன்ன பதில்: "அவன் கட்டுற காசு டீச்சர். அங்க அவன் என்ன கஷ்டப்படுறானோ. நான் எப்படி அதைப் போட்டுக்கிட்டுத் தூங்குறது?"

கவனியுங்கள். பில்லை அந்த அம்மாவே கட்டியிருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்காது. நெல் விற்ற காசிலோ, பென்ஷனிலோ, மாட்டுப்பால் காசிலோ கட்டியிருந்தால், "என் வீட்டு ஃபேன், நான் போட்டுக்கிறேன்" என்று போட்டுக்கொண்டிருப்பார். பில் மகன் கைக்குப் போனதும் சொந்த வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிட்டார். விருந்தாளி கூச்சப்பட்டுத்தான் ஸ்விட்சைத் தொடுவார்.

இவ்வளவு மிச்சம் பிடித்து என்ன லாபம்? 2024 ஜூலைக் கட்டணப்படி 200 யூனிட்டுக்கு, இரண்டு மாதத்துக்கும் சேர்த்து, 235 ரூபாய். 400 யூனிட்டுக்கு 1175 ரூபாய். அந்த 235 ரூபாய் சிங்கப்பூரில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணுமா என்று நீங்களே சொல்லுங்கள். அதே 2024-ல்தான் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. எழுபது வயதுக்காரர்களுக்கு வெயில் விளையாட்டு இல்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு, போன் நம்பர். பில் கட்டுவது சுலபமாக இருக்கட்டும் என்று மின் இணைப்பிலும் கேஸ் இணைப்பிலும் உங்கள் நம்பரைப் பதிந்துகொண்டீர்கள். இப்போது ரீடிங் எடுத்தால் குறுஞ்செய்தி உங்களுக்கு வருகிறது, வீட்டில் இருப்பவருக்கு வருவதில்லை. சிலிண்டர் கொண்டு வருகிற தம்பி வாசலில் நின்று, "கோடு நம்பர் சொல்லுங்கம்மா" என்கிறார். கோடு யாருக்கு வந்திருக்கிறது? டல்லாஸில் இருக்கும் மகனுக்கு. இங்கே காலை பத்து மணி என்றால் அங்கே நடுராத்திரி நெருங்குகிறது. போன் எடுக்கவில்லை. சிலிண்டர் திரும்பிப் போகிறது. சமைப்பவருக்குத் தன் அடுப்பின் மேல் அதிகாரம் இல்லை. ஐம்பது வருடம் அந்த அடுப்பில் ஊருக்கே பொங்கிப் போட்ட கை அது.

மூன்றாவது இதைவிடப் பெரியது. "உங்கள் போன மாத பில் கட்டப்படவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த அதிகாரியைக் கூப்பிடுங்கள்" என்று ஒரு செய்தி 2022-ல் ஊரெல்லாம் சுற்றியது. இன்னமும் வேறு வேறு வேஷத்தில் வருகிறது. கூப்பிட்டால் ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி, கணக்கில் இருப்பதைத் துடைத்துவிடுவான். காவல்துறை எத்தனையோ முறை எச்சரித்துவிட்டது.

இதில் சுலபமாக ஏமாறுகிறவர் யார்? தன் பில் கட்டியாயிற்றா இல்லையா என்று தெரியாதவர். தானே கட்டி, அட்டையில் எழுதி, ரசீதை ஆணியில் குத்தி வைக்கிறவரிடம் இந்த வேலை நடக்காது. "பதினாலாம் தேதியே கட்டியாச்சு, போடா" என்று வைத்துவிடுவார். பில்லை அவர் கண்ணில் காட்டாமல் நீங்கள் கட்டக் கட்ட, அவருக்கு இருந்த அந்தத் தைரியம் போய்விட்டது. திருடனுக்கு வாசல் அப்படித்தான் திறந்தது.

"டீச்சர், காலம் மாறிவிட்டது" என்பீர்கள். மாறியது தெரியும். வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்குள்ள குடும்பத்துக்காக மின் கட்டணம், பள்ளிக் கட்டணம் எல்லாம் நேராகக் கட்டலாம் என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவித்தது. அடுத்த ஜனவரியில் சிங்கப்பூர், அமீரகம், அமெரிக்கா உட்பட பத்து நாட்டு போன் நம்பர்களை வைத்தே யுபிஐ பயன்படுத்தலாம் என்றும் வழி விட்டார்கள். வசதி வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்த வசதி யாருக்கு உதவ வேண்டும் என்பதில்தான் சண்டை.

நம் டெல்டாவுக்கு வெளிநாட்டுக் காசு புதிது இல்லை. நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தாத்தாக்கள் உங்கள் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். அவர்கள் அனுப்பிய பணம் எப்படி வந்தது? தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து, பாட்டி பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு, நோட்டை எண்ணிக் கையில் கொடுப்பார். பாட்டி கையெழுத்துப் போடுவார், இல்லையென்றால் கைநாட்டு வைப்பார். மணியார்டர் தாளின் அடியில் நாலு வரி எழுத இடம் இருக்கும். "நலம். நெல்லுக்கு உரம் வாங்கவும். பாப்பாவுக்குப் பாவாடை எடுக்கவும்." அந்தத் துண்டைக் கிழித்துப் பாட்டி சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். உரக்கடைக்கு எவ்வளவு, வண்ணாருக்கு எவ்வளவு, கிஸ்திக்கு எவ்வளவு என்று பிரிப்பது பாட்டிதான். சம்பாதித்தவர் கடல் தாண்டி இருந்தாலும், குடும்பம் நடத்தியவர் இங்கே இருந்தார். ஊரும் அவருக்கு அந்த மரியாதையைக் கொடுத்தது.

இன்று உங்கள் காசு உங்கள் கணக்கிலிருந்து கிளம்பி நேராக மின்வாரியத்துக்குப் போய்விடுகிறது. அம்மா கையைத் தொடுவதே இல்லை. நாலு வரிச் செய்தியும் இல்லை. காசு வேகமாகப் போகிறது, பேச்சு நின்றுவிட்டது.

"அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது டீச்சர்" என்பதுதான் எனக்கு வருகிற பெரிய பதில். யாருக்குத் தெரியாது? கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று மனக்கணக்காகப் போட்டுக் களத்துமேட்டில் கூலி அளந்தவர்களுக்கா? இருபது பேர் சேர்ந்த சீட்டை ஒரு பைசா பிசகாமல் நடத்திய அம்மாவுக்கா? மேட்டூர் எப்போது திறப்பார்கள், குறுவையா சம்பாவா என்று வானத்தையும் செய்தித்தாளையும் பார்த்து முடிவெடுத்த அப்பாவுக்கா? தெரியாது என்றால் சொல்லிக்கொடுங்கள். உங்களுக்கு 'அ' எழுத வராதபோது, "இவனுக்கு வராது, நானே எழுதிவிடுகிறேன்" என்று நான் எழுதிக் கொடுத்திருந்தால், இன்று நீங்கள் எங்கே இருப்பீர்கள்? பலப்பத்தை உங்கள் கையில் கொடுத்து, அந்தக் கையைத்தானே பிடித்தேன்?

போன் வேண்டாம் என்கிறவருக்குக் கரண்ட் ஆபீஸ் கவுண்டர் இருக்கிறது, இ-சேவை மையம் இருக்கிறது. நடக்க முடிகிற அப்பாவை நடக்க விடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி, வழியில் டீ குடித்து, நாலு பேரிடம் பேசி, வயர்மேனிடம் "கம்பி தொங்குதுப்பா, வந்து பாரு" என்று சொல்லிவிட்டு வருவது அலைச்சல் இல்லை. அது அவருடைய செல்வாக்கு.

அந்தச் செல்வாக்கின் அருமை 2018 நவம்பர் 16-ல் தெரிந்தது. வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறிய விடியற்காலை. லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் சாய்ந்தன. வாரக்கணக்கில் இருட்டு. பில் கட்டுகிற ஆப் எல்லோர் கையிலும் இருந்தது, சார்ஜ் போடத்தான் கரண்ட் இல்லை. அன்றைக்கு உதவியது பச்சை டிக் இல்லை. ஜெனரேட்டர் கொண்டு வந்து தண்ணீர் ஏற்றிக் கொடுத்த பக்கத்துத் தெருக்காரரும், வெளி மாவட்டங்களிலிருந்து வந்து சேற்றில் இறங்கிக் கம்பம் நட்ட ஊழியர்களும்தான். தெருவில் முகம் தெரிந்தவர்களாக உங்கள் பெற்றோர் இருந்தால்தான் அப்படிப்பட்ட நாளில் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள்.

உண்மையாகவே முடியாதவர்கள் இருக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்கள், நினைவு தப்பியவர்கள், பார்வை போனவர்கள். அவர்களுக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும். கட்டுங்கள், புண்ணியம். ஆனால் "கட்டிட்டேன்மா, இவ்வளவு ஆச்சு" என்று அவர்கள் காதிலும் ஒரு வார்த்தை போடுங்கள். என் சண்டை, கை கால் நன்றாக இருக்கிறவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டவர்களோடுதான்.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு, வீட்டுப்பாடம்:

1. மாதா மாதம் பணத்தை அம்மா அல்லது அப்பா பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்புங்கள். பில்லை அவர்கள் கட்டட்டும். மறந்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், கடைசித் தேதிக்கு முன்னால் ஒரு போன் போட்டு ஞாபகப்படுத்துங்கள். ரீடிங் எடுத்ததிலிருந்து இருபது நாள் அவகாசம் இருக்கிறது.

2. மின் இணைப்பிலும் கேஸிலும் வீட்டில் இருப்பவர் நம்பர் இருக்கட்டும். சர்வீஸ் நம்பரை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி, மீட்டர் பெட்டி பக்கத்தில் ஒட்டுங்கள். மோசடி என்றால் உடனே கூப்பிட வேண்டிய 1930 என்ற நம்பரையும் அதே அட்டையில் எழுதுங்கள்.

3. இணைப்பு இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். 2022 நவம்பரிலிருந்து 2023 பிப்ரவரி வரை ஆதார் இணைக்கச் சொன்னபோது பல வீடுகளில் இது வெளியே வந்தது. அடுத்த முறை லீவில் வரும்போது முதல் வேலையாகப் பெயரை மாற்றுங்கள். அப்பாவுக்குப் பிறகு அம்மா அந்த வீட்டில் தலை நிமிர்ந்து இருக்க அது தேவை.

4. தொகையைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். மார்ச்–ஏப்ரல் பில்லும் மே–ஜூன் பில்லும் குளிர்காலத்து பில்லும் ஒரே மாதிரி இருந்தால், உள்ளே இருவர் வெந்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். போன் போட்டுத் திட்டுங்கள். "ஏம்மா பில் இவ்வளவு கம்மி?" என்று உரிமையோடு சண்டை போடுகிற பிள்ளையைத்தான் எனக்குப் பிடிக்கும்.

"பணத்தைக் கையில் கொடுத்தால் அதையும் மிச்சம் பிடித்துப் பேத்திக்குக் கம்மல் வாங்குவார்கள் டீச்சர்" என்று ஒரு பாப்பா போனில் சொன்னாள். வாங்கட்டுமே! அந்த முடிவை எடுத்தது யார்? அவர்கள். கம்மல் வாங்கலாமா, ஏசி போடலாமா, கோயிலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசிக்க ஒரு கை நிறையப் பணமும் ஒரு மனம் நிறைய உரிமையும் இருக்கிறவர் கிழவி ஆவதில்லை. எல்லாவற்றையும் யாரோ எங்கிருந்தோ பார்த்துக்கொள்கிற வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவர்தான் சீக்கிரம் ஒடுங்கிப் போகிறார். என் தெருவிலேயே பார்க்கிறேன்.

கோபம் வந்தவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். கோபம் வராதவர்கள் இன்றைக்கே வீட்டுக்குப் போன் போட்டு, கடைசி பில்லில் எத்தனை யூனிட் என்று கேளுங்கள். நூறுக்குக் கீழே என்று பதில் வந்தால், ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்