நெல்லின் காவலாளி



வெளிமாநிலத்தில் வாழும் நம் இல்லங்களில் அரிசி மூட்டை வந்திறங்கும் நாள் ஒரு சிறு திருநாளன்றோ? தாயகத்தில் ஆந்திரா பொன்னி என்றும், வணிகரிடையே பி.பி.டி. என்றும் வழங்கும் சம்பா மசூரி உண்ண இனியது; எனினும் பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்கு எளிதில் இரையாவது. 2008இல் ஐதராபாத் அறிஞர்கள் மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து, மேம்பட்ட சம்பா மசூரியை வெளியிட்டனர். அவற்றுள் எக்ஸ்.ஏ.21 பற்றியே இத்திங்கள் எழுதப் புகுந்தோம்.

ஆப்பிரிக்கக் காட்டுநெல்லினின்று பெற்ற இம்மரபணு உண்டாக்கும் புரதம், உயிரணுவின் சவ்வில் நிற்கும் காவலாளி. அதன் வெளிப்பகுதி பகையை உணரும். உட்பகுதி புரதங்களின்மேல் பாஸ்பேட் என்னும் சிறு கூட்டினை ஒட்டும். பகையில்லாப் பொழுதில் எக்ஸ்.பி.24 என்னும் துணைப் புரதம் உடனிருந்து, காவலாளி தன்மீதே பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டு அடங்கியிருக்கச் செய்கிறது. பகை வந்ததும் துணை விலகும், காவலாளி விழிக்கும். பின்னர் எக்ஸ்.பி.15 என்னும் வேறொரு புரதம் பாஸ்பேட்டை நீக்கி அதனை அமர்த்துகிறது. இவ்வடக்கமும் வேண்டுவதே. எக்ஸ்.பி.15 இல்லாத செடியில் எதிர்ப்பு மிகுகிறது. ஆனால் அதன் உயிரணுக்கள் தாமாகவே மடிகின்றன.

பகைவனைக் காட்டிக்கொடுப்பது எது? கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பமேலா ரொனால்டு குழுவினர் 2009இல் ஒரு விடை கூறினர். குழுவில் புதிதாய்ச் சேர்ந்தோர் சோதித்தபோது அது ஒத்துவரவில்லை. துருவிப் பார்க்கையில், சோதனைக்குரிய பாக்டீரியா வகைகள் சிலவற்றின் பெயர்ச்சீட்டு மாறியிருந்தது! சீட்டு மாறிய பார்சல் எங்கெங்கு சுற்றும் என்பதை ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் நன்கறிவோம். ஆதலின் பிழை நமக்கு வியப்பன்று. 2013இல் அக்கட்டுரையைத் தாமே திரும்பப் பெற்றனரே, அதுதான் வியப்பு.

2015இல் மெய்யான விடை கிடைத்தது. பாக்டீரியா சுரக்கும் ராக்ஸ்-எக்ஸ் என்னும் புரதத்தின் டைரோசின் என்ற பகுதியில் ஒரு சல்பேட் ஒட்டியுள்ளது. அஃதில்லையேல் காவலாளி கண்டுகொள்வதில்லை. நெற்பயிர் தன் வேர் வளர்ச்சிக்கெனச் சுரக்கும் சிறு புரதமும் சல்பேட் அணிந்ததே. பாக்டீரியாவினுடையது அதன் போலி. போலிப் பாஸ் காட்டி வண்டியேறுவோரை நினைவூட்டுகிறதன்றோ?

சல்பேட்டை ஒட்டும் ஆற்றலை இழந்த பாக்டீரியா வகைகள் எக்ஸ்.ஏ.21 காவலைக் கடந்துவிடுகின்றன. ஐதராபாத் நெல்லில் அதனுடன் வேறு இரு மரபணுக்களையும் சேர்த்தது, ஒன்று தோற்பினும் மற்றவை காக்கும் என்பதற்கே.